இடது பக்கம் இழுக்கிறது

வண்டியின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டிலைத் தொட்டும் தொடாமலும் விட்டான் பெரியகருப்பன். அது தானாக இடது பக்கம் போய் விழுந்தது. நேராக்கி மறுபடி விட்டான். வலது பக்கமும் அதே மாதிரி விழுந்தது.

அதற்கு மேல் ஒரு ஹேண்டிலிடம் யாரும் எதையும் கேட்க முடியாது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கந்தவேலின் முகம் தெளியவில்லை. போன தடவையும் இப்படித்தான் அழகாக விழுந்தது. வீடு இருக்கும் சாமளாபுரம் போய்ச் சேர்வதற்குள் வண்டி பழையபடி இடது பக்கம் இழுத்தது. நேற்று ஓரமாக நின்ற நூல் லாரியில் முட்டியிருப்பார். மயிரிழையில் தப்பினார்.

"சித்திரையில இருந்துதானுங்க இப்படி இழுக்குது. அதுக்கு முன்னால ஒரு தொந்தரவும் இல்லீங்க."

இதையும் அவர் போன தடவையே சொல்லிவிட்டார். கரண்ட் போய்த் தறி நின்றால் வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்வதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார்.

பெரியகருப்பன் சிவகங்கைப் பக்கத்துக்காரன். பனியன் கம்பெனி வேலை ஒத்துவராமல், பல்லடம் ரோட்டில் புதிதாகப் பட்டறை போட்டவன். கை சுத்தமான வேலைக்காரன். ஸ்டியரிங் குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்து, நட்டை அளவாக இறுக்கியிருந்தான். பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மைக் கழற்றி, அதன் புஷ்களையும் மாற்றியாயிற்று. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் இம்மியும் அசையவில்லை.

அவனே வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு நடை போனான். திரும்பி வரும்போது இரண்டு கைகளையும் விட்டுவிட்டு வந்தான். வண்டி கோடு போட்ட மாதிரி வந்து நின்றது.

கந்தவேலுக்குக் கோபமே வந்துவிட்டது. வண்டிகூடவா ஆள் பார்த்து நடக்கும்?

"இப்ப நீங்க ஓட்டுங்கண்ணே. நான் பாக்குறேன்."

வேப்பமரம் வரை போய்த் திரும்பினார். இழுத்தது.

பெரியகருப்பன் சிரித்தான். "வண்டியில ஒண்ணுமில்லண்ணே. நீங்கதான் வலப்பக்கம் சாஞ்சு உக்காந்து ஓட்டுறீக. மதினி பின்னால ஒருபக்கமா உக்காந்து வருவாகல்ல? அந்தக் கனத்துக்கு நீங்க இந்தப் பக்கம் சாஞ்சே பழகிட்டீக. அவுக இல்லாம வரும்போதும் அப்படியே சாஞ்சா, வண்டி எதிர்ப்பக்கம்தான இழுக்கும்."

கந்தவேல் கீழே இறங்காமல் அப்படியே இருந்தார்.

சுப்பாத்தாள் இரண்டு கால்களையும் இடது பக்கம் தொங்கவிட்டு, மடியில் கட்டைப்பையோடு உட்காருவாள். பழனிக்குப் போனாலும் அப்படித்தான், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் அப்படித்தான். அதற்காகத் தாம் சாய்ந்துகொண்டதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"அடுத்த தடவ மதினியையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் உக்கார வச்சே பாத்துருவோம்."

"செரீங்க தம்பி. கூட்டிட்டு வாறனுங்க."

சித்திரையில்தான் சுப்பாத்தாள் செத்துப்போனாள். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் இவனும் ஐயோ என்பான். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பான். அவளைக் கூட்டிட்டு வாங்க என்று சொல்ல உலகத்தில் மிச்சமிருந்தது இவன் ஒருவன்தான்.

ரோட்டில் ஏறியதும், முதுகை நிமிர்த்தி நேராக உட்கார்ந்து பார்த்தார். பெரியகருப்பன் சொன்னது சரிதான். வண்டி துளியும் இழுக்கவில்லை.

பின்சீட்டில் யாருமே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பயமாக இருந்தது.

பாலம் வருவதற்குள் மறுபடியும் வலப்பக்கம் சாய்ந்துகொண்டார்.

வண்டி இழுத்தது.