பனியில் ஒரு துணை

"எழுந்திரு மாப்ள! தனியா நடந்தா எனக்கு மயக்கம் வந்துடும்டா."

விடிந்தும் விடியாமலும் ஏட்டு வீட்டு வாசலில் ரைட்டரின் குரல். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவர்; ஏட்டுடன் ஒரே நாளில் போலீசில் சேர்ந்தவர்.

"உன் சுகர் எனக்குத் தலைவலிடா" என்று முனகியபடி ஏட்டு ஷூவை மாட்டினார்.

ஏரிக்கரை முழுக்கப் பனி. முன்னால் போகிறவர்களுக்குக் கால்களே இல்லை. எல்லோரும் மிதந்து போவதுபோல் இருந்தது. நாற்பது நாளாக இந்த நடைதான். வேண்டாவெறுப்பாக வந்த ஏட்டுக்கு இப்போது இரவில் தூக்கம் வருகிறது, பேச்சும் வருகிறது.

அன்று திரும்பும் வழியில் ரைட்டர் வீட்டில் டீ. அவர் முகம் கழுவப் போயிருந்தார். அவர் மனைவி ஒரு டம்ளரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டார்.

"இது யாருக்கும்மா?"

"அவருக்குத்தாண்ணே. ஒரு ஸ்பூன் குறைஞ்சாலும் சண்டைக்கு வந்துடுவாரு."

"அவனுக்குத்தான் சுகராச்சே?"

"அவருக்கா? யாரு சொன்னா?"

ஏட்டு டம்ளரையே பார்த்தார். நாற்பது நாளுக்கு முன், "இது என்கிட்ட இருக்க வேண்டாம்டா, என்னை நினைச்சா எனக்கே பயமா இருக்கு" என்று தன் துப்பாக்கியை ரைட்டரிடம் ஒப்படைத்திருந்தார். ரைட்டர் எதையும் துருவவில்லை. பதிவேட்டில் எழுதிவிட்டு, "எனக்குச் சுகராம் மாப்ள. நாளையிலேருந்து கூட நடக்க வர்றியா?" என்று மட்டும் கேட்டார்.

எத்தனை திருடர்களின் பொய்யைப் பிடித்தவர் ஏட்டு!

மறுநாள் ரைட்டர் கிளம்பக் கதவைத் திறந்தபோது, வாசல் பனியில் ஷூவோடு ஏட்டு நின்றிருந்தார். இம்முறை அழைத்தது அவர்தான்.

"வா மாப்ள. தனியா நடந்தா எனக்கு மயக்கம் வந்துடும்."