பூமாலை கடை வெந்நீர்

“ஐஸ் தண்ணியா? என் கடையிலயா? உடம்பு இன்னாத்துக்கு ஆவறது மேஸ்திரி!”

டீக்கடை பூமாலை, விஷம் கேட்ட மாதிரி பதறினார்.

கத்திரி வெயில். வடக்கனந்தல் நெல்லு மண்டியில் லாரி இறக்கிவிட்டு வந்த லோடுமேன்கள் பதினாலு பேர், கடை வாசலில் நாக்கு தள்ளிப்போய் நிற்கிறார்கள். பூமாலை அவர்கள் முன்னால் வைத்ததோ ஆவி பறக்கிற சீரகத் தண்ணீர்!

“யோவ், வெயில்ல பாதி வெந்துதான் வந்துக்கறோம். மீதியையும் நீ வேக வெச்சுடுவ போலருக்குதே” என்றார் மேஸ்திரி வீரமணி.

“வயித்துல அக்கினி ஒண்ணு எரிஞ்சிக்கினு இருக்குது மேஸ்திரி. ஐஸ் தண்ணிய ஊத்துனா அணைஞ்சிடும். அப்புறம் தின்ன சோறு அப்படியே கெடக்கும். ஆயுர்வேதத்துல சொல்லிக்கிது.”

“டீ ஆத்தறவன் எப்பய்யா வைத்தியர் ஆன?”

பூமாலை விடுவாரா? போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி, ஏரித் தண்ணீரில் சேறு ஜாஸ்தி, அதனால் ஊர்க்கிணற்றுத் தண்ணீர். பானைக்குள் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து, தெளியவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, சீரகம் போட்டு, முக்காலாகச் சுண்டுகிறவரை காய்ச்சியது என்று ஆரம்பித்தார். வாதம், பித்தம், கபம் என்று மூன்றையும் இழுத்துவந்து வரிசையில் நிற்க வைத்தார். லோடுமேன்கள் கொட்டாவி விட்டார்கள்.

“இதெல்லாம் கதை. பாய்லருக்குப் பின்னால துணி போட்டு மூடி ஒரு ஃபிரிட்ஜு வெச்சிக்கிறான். கரண்டு பில்லுக்குப் பயந்துக்கினு வைத்தியம் பேசறான்!” என்றான் லோடுமேன்களில் ஒருத்தனான பகலவன்.

ஊரே அப்படித்தான் பேசியது. ஊருக்கு என்ன தெரியும்?

அந்த ஃபிரிட்ஜுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இருந்ததெல்லாம் இன்சுலின். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். அதை வைக்க ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது? அப்படிப்பட்ட ஏழு வீட்டுக்காரர்கள் பூமாலையிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அந்த ஏழில் மூன்று, இதே வீரமணியின் ஆட்களுடையது.

போன வருசம் பச்சமுத்து என்ற லோடுமேன் மண்டியில் மயங்கி விழுந்தபோது, “சுகர் ஆளு என் செட்டுல வேணாம்” என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் வீரமணி. அதற்கப்புறம் அந்த மூன்று பேர் வாயைத் திறப்பார்களா?

ஐஸ் தண்ணீர் என்று ஆரம்பித்தால் நிமிஷத்துக்கு ஒரு தரம் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்க வேண்டும். மருந்தும் கெடும், விஷயமும் வெளியே போகும். அதற்காகத்தான் பூமாலை ஆயுர்வேதத்தைப் பிடித்தார். பஸ்ஸில் வாங்கின புத்தகம். படிக்கப் படிக்க அவருக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

“கடைசியா கேக்கறேன். குடுப்பியா, மாட்டியா? இல்லன்னா நாளையிலேர்ந்து எதிர்ல ராஜாம்பாள் கடைதான். அங்க கேக்காமயே ஜில்லுனு குடுக்கறாங்க” என்றார் வீரமணி.

பதினாலு பேர் போனால் கடைக்குப் பாதி வியாபாரம் போச்சு. ஆனாலும் பூமாலை, “வெந்நிதான் மேஸ்திரி” என்றார்.

“நல்லாத்தாண்ணே இருக்குது” என்று லோடுமேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல். சுப்புராயன். நாக்கு வெந்து கண்ணில் தண்ணீர் வந்தும் விடாமல் குடித்துக்கொண்டிருந்தான்.

“நீ இன்னாடா வக்காலத்து?” வீரமணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “அப்படி இன்னாதான் ஒளிச்சி வெச்சிக்கிற, பாத்துடறேன்.”

பூமாலை குறுக்கே விழுவதற்குள் பாய்லரைத் தாண்டிப்போய், துணியை உருவி, கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் பேனாவில் எழுதின பேர். வீரமணி எழுத்துக்கூட்டிப் படித்தார். சுப்புராயன் பேர் வந்ததும் நின்றார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று பூமாலை அவர் பக்கத்தில் போனார். குரலைத் தாழ்த்திக் கும்பிட்டார்.

“மேஸ்திரி, உங்க கால்ல வேணும்னாலும் வுழறேன். அவங்க சோத்துல மண்ணப் போட்டுடாதீங்க. நேரத்துக்கு ஊசி போட்டுக்கினு, நேரத்துக்குத் தின்னுட்டு, மத்தவங்க மாதிரிதானே தூக்கறாங்க? இத்தினி நாள்ல உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா?”

வீரமணி கதவைச் சாத்தினார். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று சுற்றிலும் ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். துணியைப் போட்டு மூடிவிட்டு வெளியே போனார்.

“இன்னாண்ணே, ஐஸ் தண்ணி இருந்துச்சா?” என்று பகலவன் ஓடிவந்தான். சுப்புராயன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேலை போன மூஞ்சியோடு எழுந்து நின்றான்.

“ஒரு மண்ணும் இல்ல. எல்லாரும் வெந்நிய குடிங்கடா.”

“அண்ணே?”

“வயித்துல அக்கினி இருக்குதுடா, அணைஞ்சிடப் போவுது! இன்னொண்ணு, இனிமே எவனும் வெறும் வயித்தோட மூட்டையத் தொடக்கூடாது. சுப்புராயா, உக்காந்து நாலு இட்லி தின்னுட்டு வா.”

பதினாலு பேரும் வாயைப் பிளந்தார்கள். “இவரையும் வைத்தியரு ஆக்கிட்டான்யா” என்று பகலவன் தலையில் அடித்துக்கொண்டான். பூமாலைக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியும் ஒரு மனுசனா!

டீயைக் குடித்துவிட்டு ஆட்கள் மண்டிப் பக்கம் நடந்தார்கள். வீரமணி மட்டும் திரும்பி வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பூமாலையின் காதோரம் குனிந்தார்.

“மேல் தட்டுல இன்னொரு டப்பாவுக்கு எடம் இருக்குமா? ரெண்டு வருசமா என் இன்சுலின ராஜாம்பாள் ஃபிரிட்ஜுலதான் ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கேன், அந்தம்மா ஐஸ் தண்ணி எடுத்து எடுத்து கதவ மூடறதே இல்லய்யா!”