குரலை உயர்த்தாத வில்லன்

“தம்பி, வில்லன்னா இடி மாதிரி சிரிக்கணும்னு உனக்கு யாரு சொன்னா?”

ழான்-லூக் தலையில் அடித்துக்கொண்டார். பாரிஸின் லா ஷப்பெல்லில் ஒரு போன் கடை மாடியில் நாடக ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை மேடையேறுகிறது. விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலத் தொடர்கதைகளைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரரான அவரே எழுதி இயக்கும் முதல் நாடகம். வில்லன் சொதப்பினால் பாரிஸ் தமிழர் முன்னால் அவர் மானம் கப்பலேறிவிடும்.

“அந்தக் காலத்து வில்லன் கத்தியையே எடுக்க மாட்டான்ப்பா. கோட்டுப் போட்டுக்கிட்டு, குரலை உயர்த்தாம, பொண்டாட்டிக்குப் பைத்தியம்னு ஊரையே நம்ப வச்சிடுவான். பூட்டியும் வைப்பான். அதான் பயங்கரம்! புரியுதா?”

“ஓம் ஐயா,” என்றான் கிறிஸ்தோப்பர். பலசரக்குக் கடையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரன். போன வாரம்தான் குழுவில் சேர்ந்தவன்.

கதாநாயகியாக நடிக்கும் பேர்ளி இடையில் புகுந்தாள். “நீங்கள் அக்காவை ஒருநாளும் கூட்டிக்கொண்டு வாறேல்லையே?”

“மரி-கிளேரா? பாவம், என் பொண்டாட்டிக்கு ரொம்ப மறதி. வெளிய விட்டா வீடு திரும்பத் தெரியாது.” ழான்-லூக் கோட்டுப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். “சரி, ஆரம்பிங்க!”

பேர்ளி கதவை நோக்கி ஓடினாள். கிறிஸ்தோப்பர் வசனத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மெல்ல வந்து குறுக்கே நின்றான். சத்தமே இல்லாமல் சிரித்தான்.

“எங்க போகப்போறே, மா ஷெரி, என் கண்ணு? நம்ம தெரு பேராவது ஞாபகம் இருக்கா? என்னை விட்டா உன்னை யாரு பாத்துப்பா? உன் நல்லதுக்குத்தானே பூட்டிட்டுப் போறேன்.”

சொல்லிவிட்டுத் தன் பையை மெதுவாகத் தட்டினான்.

பேர்ளி நிஜமாகவே இரண்டடி பின்வாங்கினாள். ழான்-லூக்குக்கோ புல்லரித்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பையன் வாயில் அச்சு அசலாகப் புதுச்சேரித் தமிழ்!

“பிராவோ! நான் எழுதினதைவிடப் பிரமாதம். எங்கய்யா கத்துக்கிட்டே?”

“சார்செல்லில, ஐயா.”

“அட, நானும் சார்செல்தானே!”

“ஓம். உங்கட வீட்டுக்கு மேல்வீட்டிலதான் நாங்கள். போன மாதம்தான் குடிவந்தனாங்கள். அந்தக் கட்டடத்தில கீழ ஆர் என்ன கதைச்சாலும் மேல கேக்கும். அது ஆரின்ட குரல் எண்டு இஞ்சை வந்தாப் பிறகுதான் விளங்கினது.”

ழான்-லூக் கோட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“இன்னொண்டு, ஐயா. பூட்டின வீட்டுக்குள்ள நாயகி கத்துறா எண்டு எழுதியிருக்கிறியள். அது பிழை. அவ கத்துறேல்லை. நீங்கள் படியிறங்கிப் போனாப் பிறகு, உள்ளுக்கிருந்து மெல்ல மெல்லக் கதவைத் தட்டுவா.” கிறிஸ்தோப்பர் கையை நீட்டினான். “சாவியைத் தாங்கோ.”