பன்னிரண்டு வருடச் சேவை

"சம்பளம்ங்கற பேச்சே அதுல வரக்கூடாது, பாத்துக்க சாமி. சேவைன்னு போட்டுக்கலாம்."

டைப் இன்ஸ்டிட்யூட் படியேறுவதற்குள் மயில்சாமி மூன்று தடவை சொல்லிவிட்டார். செங்கோடன் மூன்று தடவையும் தலையாட்டினான்.

நாமக்கல்லில் மயில்சாமியின் லாரி பாடி கட்டும் பட்டறையில் பன்னிரண்டு வருடமாக இரும்பை ஒட்டவைப்பவன் அவன். இன்னும் இரண்டு வருடம் அந்தத் தீப்பொறியைப் பார்த்தால் கண் அவிந்துபோகும் என்று மனைவி கந்தம்மாள் தினமும் அழுதாள். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பெயர் வாயில் நுழையாத ஒரு குளிர் தேசத்துக்குத் தொழில் தெரிந்த ஆட்கள் வேண்டுமாம். குடும்பத்தோடு போய்க் குடியேறிவிடலாமாம். பத்து வருட அனுபவத்துக்கு ஒரு காகிதம் காட்டினால் போதும். செங்கோடனிடம் முழங்கை வரை தீக்காயம் இருந்தது, காகிதம்தான் இல்லை.

எப்படி இருக்கும்? பட்டறையின் எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் ஏறியதே இல்லை. ஏறினால் பி.எஃப். கட்ட வேண்டும், லேபர் ஆபீசர் வந்து நிற்பார். பட்டறை பெயர் போடாமல் வெள்ளைத்தாளில் தன் கையெழுத்து மட்டும் என்ற நிபந்தனையோடுதான் முதலாளி இன்று இறங்கி வந்திருந்தார். அதுவும், இவனை எந்த மடையன் கூப்பிடப் போகிறான் என்கிற தைரியத்தில்.

உள்ளே, ஊருக்குப் புதிதாக வந்திருந்த திருநெல்வேலிக்கார டைப்பிஸ்ட் காகிதத்தைச் செருகிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் தம்பி, ஊடு கெடச்சுதுங்களா?" என்றார் மயில்சாமி.

"என்னது கிடைச்சுதா?"

"ஊடுங்க. குடியிருக்கற ஊடு."

"ஓ, வீடா. இன்னும் இல்ல. சொல்லுங்க, அடிச்சிருதேன். இவரு என்ன வேலை?"

"எல்டருங்க."

"எல்டரா?" டைப்பிஸ்ட், செங்கோடனின் நெற்றித் திருநீற்றை ஒருமுறை பார்த்தார்.

"ஆமா, எல்டருதான். பன்னண்டு வருசமாச் சம்பளமே வாங்காமச் சேவை பண்ணியிருக்கறான்னு போடுங்க."

"சம்பளமே வாங்காமலா?" அவர் குரலில் மரியாதை கூடிவிட்டது.

கொடுத்த அரைவயிற்றுச் சம்பளத்தையும் இந்த மனுஷன் துடைத்துப் போடுகிறாரே என்று செங்கோடனுக்கு வாய்வரை வந்தது. வாயைத் திறந்தால் காகிதம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். விண்ணப்பத்தையும் அந்தக் காகிதத்தைப் பார்த்தே டைப்பிஸ்ட் நிரப்பிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

நாலு மாதம் கழித்து மெட்ராசில் நேர்காணல். எதிரே ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் அம்மாள்.

"பன்னிரண்டு வருஷமா என்ன செய்தீங்கன்னு கேக்கறார்."

"ஒடஞ்சு வர்றதையெல்லாம் ஒண்ணு சேத்தி அனுப்புவேனுங்க."

அந்த அம்மாள் சொன்னதும் அதிகாரியின் பேனா நின்றது.

"பிரிஞ்சு போனது மறுபடி சேருமா?"

"பொறுமை வேணுமுங்க. அவசரப்பட்டா மறுக்காப் பிரிஞ்சுரும்."

"அந்த வேலையில எது கஷ்டம்?"

"வெளிச்சமுங்க. நேராப் பாத்தாக் கண்ணு போயிரும். மொகத்த மூடிக்கிட்டு, தலையக் குனிஞ்சுதான் பாக்கோணும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அங்கே உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"சாமின்னுதானுங்க. எங்கூர்ல எல்லாத்தையும் அப்படித்தான்..."

அந்த அம்மாள் முதல் வார்த்தையை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"சம்பளம் வாங்கினதே இல்லையா?"

முதலாளியின் முகம் கண்முன் வந்தது. "இல்லீங்க" என்றான். அதிகாரி எழுந்துவந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இரும்பு ஒட்டுகிறவனுக்கு இத்தனை மரியாதை தருகிற தேசமும் உலகத்தில் இருக்கிறதா என்று செங்கோடனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த மாதமே தடித்த உறை ஒன்று வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவன் டைப் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடினான்.

"விசா வந்துட்டு" என்றார் டைப்பிஸ்ட். "உங்களுக்கு, வீட்டம்மாவுக்கு, பிள்ளைக்கு, மூணு பேருக்கும். கூட ஒரு கடுதாசி. 'பன்னிரண்டு வருடம் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்த தங்களை எங்கள் சபை வரவேற்கிறது. தேவாலயத்தை ஒட்டியே தங்களுக்கு வீடு. முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தாங்களே நடத்தித்தர வேண்டும்.'"

செங்கோடன் யோசித்தான். "தேவாலயத்துல என்னங்க ஒட்டோணும்?"

"ஒட்டுததா? ஜெபம்லா பண்ணணும். எல்டர்னா சர்ச்சுல மூப்பர். நீங்க மூப்பர்தானே?"

"நானுங்களா? நான் மயில்சாமி பட்டறைல இரும்பு ஒட்டறவனுங்க."

டைப்பிஸ்ட் கடிதத்தை மெல்லக் கீழே வைத்தார். ஐந்து மாதமாக 'ஊடு' தேடி அலைந்தவருக்கு இப்போதுதான் ஏதோ உறைத்தது.

"அப்ப நீங்க... வெல்டரா?"

"அதத்தானுங்க மொதலாளி அன்னைக்கே சொன்னாரு" என்றான் செங்கோடன். "எல்டருன்னு."