லைன்லயே இருங்க

"மறுபடியும் போனா?"

பிரசவ அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த துணையக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்து இது நாலாவது தடவை. உள்ளே பெண்டாட்டி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள். இந்த மனுஷன் வராந்தா மூலையில் சுவரைப் பார்த்து நின்று போன் பேசிக்கொண்டிருக்கிறான்.

டூலா என்று சொல்ல வாய் வராதவர்கள் அவளுக்கு வைத்த பெயர்தான் துணையக்கா. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. குழந்தை பிறக்கும்வரை கூடவே இருந்து, இடுப்பை அழுத்திவிட்டு, மூச்சுக்குக் கணக்குச் சொல்லி, தைரியம் கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷத்தில் மயக்கம் போட்டு விழுந்த புருஷன்களைப் பார்த்திருக்கிறாள். சாப்பிடப் போனவன், பிள்ளை பிறந்தபிறகு ஏப்பத்தோடு திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறாள்.

ஆனால் இவனை நல்லவன் என்று நம்பியிருந்தாள். எங்கே அழுத்தணும், எப்படி எண்ணணும் என்று அவளிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனவன்!

"ரெண்டே நிமிஷம்கா" என்று விரலைக் காட்டிவிட்டு, போனில் தொடர்ந்தான். "பதட்டப்படாதீங்க. மெதுவா மூச்சை விடுங்க. ஆள் வந்துகிட்டே இருக்காங்க. லைன்லயே இருங்க."

அவன் லிஃப்ட் மெக்கானிக். எவனோ எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறான் போல.

"ஏன்பா, லிஃப்டுல மாட்டினவனுக்கு வேற மெக்கானிக் வருவான். உள்ள இருக்கறவளுக்கு வேற புருஷன் வருவானா?"

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினான்.

துணையக்கா கதவை அறைந்து சாத்தினாள்.

"அவர் பேசட்டும், விடுங்கக்கா" என்றாள் கட்டிலில் இருந்தவள், இரண்டு வலிக்கு நடுவில்.

"நீ குடுக்கற இடம்தான் இது. பிரசவத்தன்னிக்கே இப்படின்னா, நாளைக்குக் குழந்தை அழுதா வீட்டுப் பக்கம் வருவானா?"

"அக்கா... வருதுக்கா..."

"என் தோளைப் பிடிச்சுக்கோ. ஊது. அப்படித்தான். இன்னும்..."

நர்ஸ் உள்ளே வந்தாள். "அப்பா எங்கே?"

"ஊருக்கு உழைக்கிறாரு" என்றாள் துணையக்கா.

மதியம், தலை தெரிய ஆரம்பித்ததும் நர்ஸ் போட்ட சத்தத்தில் ஓடி வந்தான். பெண்டாட்டியின் தலையைத் தாங்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். பெண் குழந்தை. போகட்டும், கடைசியிலாவது மனுஷனாய் வந்து நின்றானே என்று துணையக்கா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

அப்போது அவன் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. குழந்தையை இன்னும் துடைத்துக்கூட முடிக்கவில்லை. அவன் நழுவி வெளியே போய்விட்டான்.

துணையக்காவுக்குப் பொறுமை தீர்ந்தது. பின்னாலேயே போனாள்.

"போனை இப்படிக் குடு. அந்த லிஃப்ட்காரன்கிட்ட நானே நாலு வார்த்தை கேக்கறேன்!"

அவன் மறுக்கவில்லை. நீட்டினான்.

"பேசுங்கக்கா. உங்க பொண்ணுதான்."

"அம்மா, பயப்படாதே" என்றது களைத்த குரல். "காலையில நீ போனதுமே பனிக்குடம் உடைஞ்சுடுச்சு. ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். அவரும் வெளியூர்ல இருந்து இப்பதான் வந்து சேர்ந்தாரு. இன்னும் நேரமிருக்காம். நிதானமா வா."

மகளுக்கு மூணு வாரம் கழித்து அல்லவா பிரசவத் தேதி கொடுத்திருந்தார்கள்!

"நீங்க போனை அணைச்சு வச்சிருந்தீங்க" என்றான் அவன். "அவசரத்துக்குன்னு என் நம்பரை அவங்ககிட்ட குடுத்துட்டு வந்திருக்கீங்க. வீட்டுல தனியா மாட்டிக்கிட்டு எனக்குத்தான் கூப்பிட்டாங்க. ஆம்புலன்ஸ் அனுப்பினேன். அங்க போயும் தனியாத்தானே இருந்தாங்க, அதான் பேசிகிட்டே இருந்தேன்."

"பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"உங்க பொண்ணு சொல்ல விடலக்கா. அம்மா பாதியில எழுந்து வந்துட்டா பிரசவத்துல இருக்கற அக்கா பயந்துடுவாங்கன்னு கெஞ்சினாங்க."

"அப்ப உன் பெண்டாட்டி? அவ இங்க தவிச்சுகிட்டு இருந்தாளே. அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"அவகிட்டதான் முதல்ல சொன்னேன். 'எனக்கு அவங்கம்மா இருக்காங்க, அந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா?'ன்னு என்னை வெளிய விரட்டிவிட்டதே அவதான்கா."