எட்டு மணித் தூசி

நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டு வெடிக்கும்போது கதிர்வீச்சுத் தூசி எங்கே விழும் என்று கணித்தவர் வெண்டெல் ஸ்ட்ராண்ட். காற்றே தன்னைக் கேட்டுத்தான் வீசுகிறது என்று அவருக்கு நினைப்பு. நான் அவருடைய வரைபடங்களை வரைந்தேன். ஆளில்லாத இடம் என்று அவர் குறித்த பள்ளத்தாக்கில் ஓர்ஃபா லண்ட் ஆடு வளர்த்தாள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்குக் குண்டு வெடிக்க வேண்டும். எட்டு மணிக்கே அவள் ஃபோன் செய்தாள்.

“கூரை மேல மாவு மாதிரி தூசி கொட்டுது சார்.”

“குண்டே இன்னும் வெடிக்கலையேம்மா! உன் ஆடு கிளப்பின புழுதியா இருக்கும்” என்று சிரித்தார்.

மதியம் குண்டின் தூசி அங்கேதான் விழுந்தது. அந்த வசந்தத்தில் இப்படி நான்கு முறை நடந்தது. நான்கு முறையும் சிரித்தார். அவளுடைய ஆடுகள் செத்தன.

ஐந்தாம் முறை அவள், “இன்னிக்கு இங்க ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பாருங்க சார்” என்றாள்.

போட்டார். அவர் மனைவி ஐரீன், “இப்பதான் துணி காயப்போட்டேன் வெண்டெல். மேல வெள்ளையா என்னமோ கொட்டுது” என்றாள். மணி எட்டேகால்.

“பிள்ளைங்கள கார்ல ஏத்திக்கிட்டு வடக்க போ. அக்கம்பக்கத்துல யார்கிட்டயும் மூச்சு விடாத.”

ஃபோனை வைத்தார். ‘ஆபத்தில்லை, வெடிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அவர் வீடு இருந்த ஊரில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய்த் தளபதியிடம் கொடுத்தவள் நான்தான்.