பொய் சொல்லாத மீட்டர்

ஏமாந்தவள் ஜயலக்ஷ்மி. ஏமாற்றியவர் ஜங்ஷன் சைக்கிள் கடை அசன் முகம்மது. தங்கை வித்யாலக்ஷ்மிக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வெயிலில் நடந்தே வந்தவள், தீப்பெட்டி அளவு மீட்டரை மேஜைமேல் டக்கென்று வைத்தாள்.

“அண்ணாச்சி, எங்க அக்காவை ஏமாத்த உங்களுக்கு எப்படி மனசு வந்தது?”

“என்னம்மா, வந்ததும் வராததுமா சண்டைக்கு நிக்கியே? மொதல்ல உக்காரு.”

“உக்கார வரலை. இந்த மீட்டர் பொய் சொல்றது.”

இரண்டு வருஷம் முன்பு ஸ்கூட்டர் சறுக்கியதில் ஜயாவுக்கு இடுப்பு ஒடிந்துபோயிற்று. காலுக்குப் பலம் வர சைக்கிள் ஓட்டச் சொன்னார் டாக்டர். ஆனால் சாதாரண சைக்கிளில் அவளால் நிமிர்ந்து உட்கார முடியாது. சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு மிதிப்பது போல ஒரு சைக்கிளை வெல்டிங் வைத்துச் செய்து கொடுத்தவரே அசன் முகம்மதுதான். பின்னால் பெரிய சக்கரம், முன்னால் சின்னப் பிள்ளை சைக்கிளின் சக்கரம்.

மீட்டரைத் தேர்ந்தெடுத்தவள் வித்யா. அசனின் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்தவற்றில், அன்றைக்கு ஓட்டிய அதிக வேகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிற மீட்டர்தான் வேண்டும் என்று அரைநாள் வாதாடினாள். “மீட்டரே சொல்லிட்டா, யாரும் மறுத்துப் பேச முடியாது பாருங்கோ!”

நீளம் போதாத வயரை ஒட்டுப்போட்டு, முன்சக்கரக் கம்பியில் காந்தம் வைத்து, அந்தச் சக்கரத்தின் சுற்றளவு நம்பரையும் மீட்டரில் பதித்து அசன் மாட்டிக் கொடுத்தார்.

“நேத்து முக்கூடல் ரோட்டுல அக்கா பின்னாடியே என் சைக்கிள்ல போனேன். ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவுல ஒண்ணு புள்ளி மூணுன்னு காட்டறது. ரோட்டை யாராவது ராத்திரியோட ராத்திரியா இழுத்து விட்டாங்களா?”

அசன் பட்டனை அமுக்கிப் பார்த்தார். புருவம் ஏறியது.

“பெரிய சக்கரத்து நம்பர்லா கெடக்கு! நான் சின்னச் சக்கரத்து நம்பரைத்தான் வச்சேன். இது என் வேலை இல்லம்மா.”

“பின்னே, மீட்டர் தானே மாத்திண்டுடுத்தா? வேகத்தைக் கூட்டிக் காட்டினா வாங்கினவங்களுக்கு சந்தோஷம், கடைக்குப் பேரு. இதான உங்க வியாபாரம்?”

“நோம்பு வச்சிட்டுப் பொய் சொல்லுவனா? வாய்க்கு வந்தபடி பேசுதியே!”

“தப்புப் பண்ணினா ஒத்துக்கணும் அண்ணாச்சி. அதுல என்ன குறைஞ்சு போயிடும்?”

கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அசன் அதற்குமேல் பேசவில்லை. நம்பரை மாற்றினார். நீட்டினார்.

“இந்தா. இனிமே உள்ளதை உள்ளபடி காட்டும். போயிட்டு வா.”

ஜெயித்த மிதப்போடு வீட்டுக்கு வந்த வித்யா, யாரிடமும் சொல்லாமல் மீட்டரை சைக்கிளில் சொருகி வைத்தாள்.

சாயங்காலம் ஓட்டிவிட்டு வந்த ஜயா இறங்கவே இல்லை. சாய்ந்தபடியே மீட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கிடந்தாள்.

“மீட்டரை என்னடி பண்ணினே?”

“சரி பண்ணிண்டு வந்தேன். அந்த மனுஷன் தப்பான நம்பரை வச்சு...”

“அவர் வைக்கலை. நான்தான் மாத்தினேன்.”

“நீயா? எதுக்குக்கா?”

“வேகம் பதினஞ்சைத் தாண்டினா கால் தேறிடுத்துன்னு அர்த்தம்னு டாக்டர் சொன்னாரே, அப்பா அதையே பிடிச்சுண்டுட்டார். தினம் வாசல்ல நிப்பார். மீட்டரை வாங்கிப் பார்ப்பார். பத்துன்னு இருந்தா அன்னிக்கு சாதத்தைப் பிசைஞ்சு வச்சுட்டு எழுந்துடுவார். நான் விழுந்த அன்னிக்கு ஸ்கூட்டர் ஓட்டினது அவர்தானேடி.”

“அதுக்காகப் பொய்யா? அக்கா, இது...”

“என் வேகமும் ஏறிண்டுதான் இருக்கு. இன்னிக்கு நெஜமாவே பன்னண்டு. பதினஞ்சும் வரும். அதுவரைக்கும் அப்பா தாங்கணுமே. போன வாரம் மீட்டர்ல பதினாறைப் பார்த்த அன்னிக்குத்தான் ஸ்கூட்டர் மேல கெடந்த படுதாவை எடுத்துத் தொடைச்சார்.”

கடையில் இரண்டு பேர் எதிரில் வாயை மூடிக்கொண்ட அசன் அண்ணாச்சியின் முகம்தான் வித்யாவின் கண்முன் வந்தது.

உள்ளேயிருந்து செருப்புச் சத்தம். அப்பா சுப்பராமன். கையில் ஸ்கூட்டர் சாவி.

“ஜயா, நாளைக்குக் கோவிலுக்கு உன்னை ஸ்கூட்டர்லயே அழைச்சுண்டு போகலாமான்னு பார்க்கறேன். வண்டி ஒரே உதையில கிளம்பிடுத்து! அதிருக்கட்டும், இன்னிக்கு எத்தனை?”

ஜயா மறைப்பதற்குள் மீட்டரை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“பன்னண்டா?”

சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

“குறைஞ்சு போயிடுத்தேம்மா... மறுபடியும் இடுப்பு வலிக்கறதா?”



எந்த வாதத்திலும் தோற்றதாக ஒத்துக்கொள்ளாத வித்யா, அவர் கையிலிருந்து மீட்டரை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“இதை நம்பாதீங்கோப்பா. அசன் அண்ணாச்சி சரியாத்தான் வச்சிருந்தார். நான்தான் அதிகப்பிரசங்கித்தனமா கையை வச்சுக் கெடுத்துட்டேன். தப்பு என்னோடது. அக்கா ஓட்டினது பதினாறு.”